பைத்தானில் எஸ்டிஆர்: சாம்பிள் வழிந்தால் எங்கே தேடுவது, எப்படி நிறுத்துவது

சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) மின்னல் எஃப்எம் கேட்பதற்கு ஒரு சாதாரண ரேடியோவே போதும், 96.3-க்குத் திருப்பினால் பாட்டு வந்துவிடும். அதே பாட்டை ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளையும் (சிக்னலை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும், யூஎஸ்பியில் செருகும் சின்ன ரேடியோ வாங்கி) நாமே எழுதிய பைத்தான் நிரலையும் வைத்துக் கேட்க முயன்றால், சீக்கிரமே ஒரு தொல்லை வந்து நிற்கும். குரல் வெட்டி வெட்டி வரும். திரையில் ஓவர்ஃப்ளோவைக் குறிக்கும் ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்து வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சில நேரம் எந்த எழுத்தும் வராது. பாட்டில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக அசை காணாமல் போயிருக்கும். இந்த இரண்டாவது நிலைமைதான் மோசம், ஏனென்றால் நிரல் ஒழுங்காக ஓடுகிறது என்று நம்பிவிடுவோம்.

செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் சுற்றியுள்ள தாமான்களிலிருந்தும் வரும் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். இப்படிச் சாம்பிளை வாங்கி முடிக்க முடியாமல் தொலைப்பதைத்தான் வழிதல் என்கிறோம். வழிதல் வந்த உடனே நிரலில் கைக்கு எட்டிய எண்ணையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அப்படிச் செய்ய வேண்டாம். எங்கே வழிகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். சரிசெய்வது அதைவிடச் சின்ன வேலை. நிரல் வரிகளாக இல்லாமல் செய்முறையாகவே சொல்கிறேன். பைத்தானின் கணக்கு நூலகமான நம்பையும், டாங்கிளை இயக்கும் பைஆர்டிஎல்எஸ்டிஆர் நூலகமும் ஓரளவு பழகியவர்களுக்கு இது போதும்.

உள்ளே என்ன நடக்கிறது

டாங்கிள் யாருக்காகவும் காத்திருக்காது. வினாடிக்கு 24 லட்சம் (2.4 மெகா) சாம்பிள், அதாவது சிக்னலை அளந்த எண்கள், கேட்டால் 24 லட்சமும் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சாம்பிளிலும் சிக்னலின் இரு கூறுகள்: ஐ ஒரு பைட், கியூ ஒரு பைட். ஆக வினாடிக்கு 4.8 மெகாபைட். இதைச் சேர்த்து வைக்க டாங்கிளுக்குள் இடம் மிகக் குறைவு. அதனால் கணினி யூஎஸ்பி வழியாக இடைவிடாமல் கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் நூலகம் பஃபர்களில் (தற்காலிக நினைவக இடங்களில்) வைக்கிறது. அதன் இயல்பான ஏற்பாடு 15 பஃபர், ஒவ்வொன்றும் 262,144 பைட். மொத்தம் 39 லட்சம் பைட் சொச்சம், 2.4 மெகா வேகத்தில் ஏறக்குறைய 0.8 வினாடிக்குத் தாங்கும். அதற்குள் உங்கள் நிரல் பஃபரைக் காலி செய்து திருப்பித் தராவிட்டால் அடுத்து வரும் சாம்பிளுக்கு இடமில்லை. போனது போனதுதான்.

‘அண்ணே, அப்ப பஃபரைப் பெரிசாக்கிட்டா சரியாயிடுமா?’ என்ற கேள்வி தவறாமல் வரும். தாத்தா பாட்டி காலத்தில் பால்மரம் வெட்டிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். பால் வடியும் கிண்ணமான மங்கு பெரிதாக இருந்தால், பால் எடுக்க ஆள் கொஞ்சம் பிந்தி வந்தாலும் வழியாது. ஆனால் எடுக்கிற வேகத்தைவிட வடிகிற வேகம் அதிகமானால் எவ்வளவு பெரிய மங்கும் வழியத்தான் செய்யும்.

ஆகவே வழிதல் இரண்டு வகை. முதல் வகையைத் தடங்கல் என்று வைத்துக்கொள்வோம்: சராசரியாக நிரல் தாக்குப்பிடிக்கிறது, ஆனால் எப்போதாவது ஒருமுறை எங்கோ முடங்கிவிடுகிறது. இரண்டாவது பற்றாக்குறை: ஒவ்வொரு வினாடி சாம்பிளையும் முடிக்க ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. பெரிய பஃபர் தடங்கலைத் தீர்க்கும், பற்றாக்குறையைத் தீர்க்காது. உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் ஓர் எண்ணையும் மாற்றாதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கெய்ன் (சிக்னலைப் பெருக்கும் அளவு) அதிகமாகி, பைட் மதிப்புகள் 0-இலும் 255-இலும் முட்டி நிற்பதையும் சிலர் ஓவர்ஃப்ளோ என்கிறார்கள். அது சிக்னலை எண்ணாக்கும் பகுதியான ஏடிசி நிரம்பி வழிவது. கெய்னைக் குறைத்தால் போய்விடும். இங்கே பேசுவது அதைப் பற்றி அல்ல.

முதல் படி: பைத்தான் இல்லாமல் சோதியுங்கள்

டாங்கிளோடு வரும் கருவிகளில் ஆர்டிஎல்-டெஸ்ட் என்று ஒன்று உண்டு. அது டாங்கிளைச் சோதனை நிலைக்கு மாற்றி, சிக்னலுக்குப் பதில் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும் எண்களை அனுப்பச் சொல்கிறது. இடையில் எண் தாவினால் இத்தனை பைட்டாவது தொலைந்தது என்று அறிவிக்கும். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே வேகத்தைக் கொடுத்து, அதே யூஎஸ்பி துளையில் செருகி, சில நிமிடம் ஓடவிடுங்கள். தொடங்கிய கணத்தில் ஓரிரு அறிவிப்பு வந்து நின்றுவிட்டால் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து வந்தால் பிரச்சினை உங்கள் நிரலில் இல்லை. நிரலை மூடி வையுங்கள், இரண்டாம் படிக்குப் போங்கள். ஒன்றும் வராவிட்டால் நேராக மூன்றாம் படி.

இரண்டாம் படி: வன்பொருள்

வேகத்தை முதலில் பாருங்கள். ஆர்டிஎல்2832யூ சில்லு 3.2 மெகா வரை போகும் என்று எழுதியிருப்பார்கள். நடைமுறையில் 2.4-ஐ நம்பகமான எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் பல கணினிகளில் டாங்கிளே சாம்பிளை விடத் தொடங்கும்.

அப்புறம் யூஎஸ்பி ஹப், நீண்ட மலிவான கேபிள். இரண்டையும் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகிச் சோதியுங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்கள் வெளியே வந்து சோதியுங்கள். யூஎஸ்பியை உள்ளே கடத்தும் அடுக்கு இந்த இடைவிடாத ஓட்டத்துக்கு ஏற்றதல்ல.

ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பை 3-இல் யூஎஸ்பி துளைகளும் ஈதர்நெட்டும் ஒரே யூஎஸ்பி 2.0 பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. டாங்கிளும் ஓடி, வெளி டிஸ்க்கும் ஓடி, நெட்வொர்க்கும் ஓடினால் மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பை 4-இல் இந்த நெரிசல் இல்லை. வெப்பம் எல்லா மாடலுக்கும் பொது. நம் ஊர் மத்தியான வெயிலில், ஏரியலுக்குப் பக்கத்தில் வேண்டும் என்பதற்காகத் தகரக் கூரைக்கு அடியில் பையை வைத்தால், 80 பாகையை நெருங்கியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடிய நிரல் 2 மணிக்கு வழியத் தொடங்கினால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும். விசிஜென்சிஎம்டி கட்டளையில் ‘கெட் த்ராட்டில்ட்’ என்று கேளுங்கள். 0எக்ஸ்0 வந்தால் நல்லது. 0எக்ஸ்50000 வந்தால், பையை இயக்கியதிலிருந்து எப்போதோ மின்னழுத்தமும் குறைந்திருக்கிறது, வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 0எக்ஸ்50005 என்றால் இந்த நிமிடமே அது நடந்துகொண்டிருக்கிறது. நல்ல அடாப்டரும் ஒரு சின்ன விசிறியும் போதும்.

சாம்பிளை நெட்வொர்க்கில் அனுப்பும் ஆர்டிஎல்-டிசிபி கருவி மூலம் வைஃபை வழியாகச் சாம்பிளை வீட்டுக்குள் கொண்டுவருபவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 4.8 மெகாபைட் என்பது வினாடிக்கு 38.4 மெகாபிட், இடைவிடாமல். ஏரியலுக்குப் பக்கத்திலேயே பையில் செயலாக்கி, முடிவை மட்டும் அனுப்புவது நல்ல வழி.

மூன்றாம் படி: எப்படி வாசிக்கிறீர்கள்?

பைத்தானில் வரும் சிக்கலில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பலரும் ஒரு வைல் லூப் போட்டு, ரீட்-சாம்பிள்ஸ் என்று அழைத்து, வந்ததைச் செயலாக்கி, மறுபடி அழைக்கிறார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் இரண்டு அழைப்புகளுக்கு இடையில், நீங்கள் செயலாக்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், டாங்கிளிடம் யாருமே கேட்பதில்லை. அப்போது வந்த சாம்பிள் எல்லாம் சத்தமில்லாமல் தொலைகிறது. பிழைச் செய்தி இல்லை, ‘ஓ’ இல்லை. அலைமாலையை வரைந்து காட்ட மட்டும் இது போதும். ஒலி கேட்பதற்கும் தரவு பிரிப்பதற்கும் ஆகாது.

ஒத்திசையா வாசிப்புக்கு மாறுங்கள்: ரீட்-பைட்ஸ்-அசிங்க். நூலகம் பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒரு பஃபர் நிறைந்ததும் உங்கள் கால்பேக்கை (நீங்கள் எழுதிக் கொடுத்த ஃபங்ஷனை) அழைக்கும். அளவை நீங்களே குறிப்பிடுங்கள், 262,144 பைட் என்று. 1,024 சாம்பிள் போன்ற சின்ன எண்ணைக் கொடுத்தால், 2.4 மெகா வேகத்தில் வினாடிக்கு 2,300 முறைக்கு மேல் பைத்தானுக்குள் வந்துபோக வேண்டியிருக்கும்; அந்தப் போக்குவரத்தே நேரத்தைத் தின்றுவிடும். ரீட்-பைட்ஸ்-அசிங்க் அழைப்பு முடியாமல் அங்கேயே நின்றுவிடும் என்பதால் அதைத் தனி த்ரெட்டில் (நிரலுக்குள் இணையாக ஓடும் கிளையில்) தொடங்குங்கள்.

ரீட்-சாம்பிள்ஸ் வகையை விட்டு ரீட்-பைட்ஸ் வகையை ஏன் சொல்கிறேன் என்றால், முதலாவது ஒவ்வொரு சாம்பிளையும் 16 பைட் காம்ப்ளெக்ஸ் 128 ஆக மாற்றித் தருகிறது. 4.8 மெகாபைட் ஓட்டம் 38.4 மெகாபைட் ஆகிவிடும், அதுவும் நாம் தாமதிக்கவே கூடாத இடத்தில்.

சத்தமில்லாத இழப்பைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. முதல் பஃபர் வந்த நொடியிலிருந்து கடிகாரத்தைத் தொடங்கி, ஒரு நிமிடத்தில் எத்தனை சாம்பிள் வந்தது என்று எண்ணுங்கள். 2.4 மெகாவில் 14 கோடியே 40 லட்சம் வர வேண்டும். டாங்கிளின் கடிகாரமான கிரிஸ்டல் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பிழையோடு இருந்தாலும் வித்தியாசம் 14,400 சாம்பிள்தான். ஒரே ஒரு பஃபர் தொலைந்தால்கூட 131,072 சாம்பிள் குறையும். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் ஒரே மாதிரி சின்னக் குறை என்றால் அது கிரிஸ்டல். திடீரென்று பெரிய தாவல் என்றால் இழப்பு.

நான்காம் படி: அளவெடுங்கள்

131,072 சாம்பிள் கொண்ட ஒரு கட்டு 2.4 மெகா வேகத்தில் 54.6 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும். அதுதான் உங்கள் கெடு. ஒரு கட்டைச் செயலாக்க ஆகும் நேரத்தை பெர்ஃப்-கவுண்டரால் அளந்து, சராசரியையும் உச்சத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் பிரின்ட் செய்யாதீர்கள், அதுவே தடங்கலாகிவிடும். ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்து, 5 வினாடிக்கு ஒருமுறை காட்டினால் போதும்.

சராசரி 54.6-ஐத் தாண்டினால் பற்றாக்குறை. சராசரி 20, உச்சம் 900 என்றால் தடங்கல். எங்கோ எதற்கோ நிரல் நின்று காத்திருக்கிறது. சராசரி கெடுவில் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே எனக்குத் திருப்தி வராது. கணினியில் வேறு வேலை ஒன்று ஓடும்போது மீதி இடம் காணாமல் போய்விடும்.

ஐந்தாம் படி: தேவையில்லாததை வாங்காதீர்கள்

பற்றாக்குறைக்கு முதல் மருந்து இதுதான். ஓர் எஃப்எம் நிலையம் ஏறக்குறைய 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். அதைக் கேட்க 2.4 மெகா எதற்கு? 240 கிலோவில் வைத்தால் வினாடிக்கு 480 கிலோபைட்தான். ஒரு கட்டுக்கான கெடு 546 மில்லிவினாடியாக விரிந்துவிடும். 5-ஆல் வகுத்தால் நேராக 48,000, ஒலி அட்டைக்கு ஏற்ற வேகம். கவனியுங்கள், இந்தச் சில்லு எல்லா எண்ணையும் ஏற்காது: 225,001 முதல் 300,000 வரை, அல்லது 900,001 முதல் 3,200,000 வரை. நடுவில் உள்ள 500 கிலோ போன்றவை கிடையாது.

பக்கத்தில் பலமான நிலையம் இருந்து குறைந்த வேகத்தில் அதன் சத்தம் கலந்தால், 1.2 மெகாவில் வாங்கி நல்ல வடிகட்டி போட்டு 240 கிலோவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாசிப்பவர் வேறு, வேலை செய்பவர் வேறு

கால்பேக் செய்ய வேண்டியது மூன்றே காரியம்: பைட்டுகளை நகல் எடு, வரிசை எண் போட்டு க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வை, திரும்பிப் போ. வடிகட்டுவது, வரைவது, எழுதுவது எதுவும் அங்கே கூடாது. நகல் கட்டாயம், கையில் கிடைப்பது நூலகத்தின் சொந்த பஃபர், நீங்கள் திரும்பியதும் அதன் மேலேயே அடுத்த சாம்பிள் எழுதப்படும். நகல் எடுக்காமல் க்யூவில் போட்டால் வழிதலைவிடப் புதிரான பிழைகள் வரும்.

க்யூவுக்கு எல்லை வையுங்கள். 64 கட்டு வைத்தால் 2.4 மெகாவில் 3.5 வினாடி, நினைவகத்தில் 17 மெகாபைட்டுக்குள். எல்லையில்லாத க்யூ பற்றாக்குறையை மறைத்து வைத்து, கடைசியில் நினைவகம் முழுவதையும் விழுங்கிவிடும். க்யூ நிறைந்திருந்தால் இடம் வரும்வரை காத்திருக்கும் ‘புட்’ வேண்டாம். காத்திருக்காத ‘புட்-நோவெய்ட்’ போட்டு, இடமில்லை என்றால் அந்தக் கட்டை விட்டுவிட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்டுங்கள். கால்பேக் காத்திருந்தால் வழிதல் நூலகத்துக்குள் நடக்கும். அங்கே அதை நம்மால் எண்ண முடியாது. வழிவதாக இருந்தால் நம் கண்முன்னே வழியட்டும்.

வேலை செய்யும் த்ரெட், கட்டின் வரிசை எண்ணைச் சரிபார்க்க வேண்டும். எண் தாவியிருந்தால் வடிகட்டியின் பழைய நிலையையும் எஃப்எம் பிரிப்பில் (சிக்னலிலிருந்து ஒலியைப் பிரித்தெடுப்பதில்) வைத்திருக்கும் முந்தைய சாம்பிளையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஒட்டுப்போட்ட இடத்தில் ‘டப்’ என்று சத்தம் கேட்கும்.

பைத்தானின் ஜிஐஎல் பூட்டைப் பற்றிப் பலரும் கவலைப்படுவார்கள். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்டும் என்பது உண்மை. ஆனால் நம்பையின் கனமான கணக்குகளில் பல, ஓடும்போது அந்தப் பூட்டை விட்டுவிடுகின்றன. ஆகவே வேலை பெரும்பாலும் நம்பையில் இருந்தால் இரண்டு த்ரெட் போதும். அப்படியும் கால்பேக் தாமதமானால் வேலையைத் தனி ப்ராசஸுக்கு மாற்றுங்கள். அப்போதும் மாற்றாத பைட்டுகளையே அனுப்புங்கள். பைத்தான் 3.8 முதல் இருக்கும் பகிர் நினைவகத்தைப் பயன்படுத்தினால் நகல் செலவும் குறையும்.

ஏழாம் படி: கணக்கை வேகப்படுத்துங்கள்

சாம்பிள் ஒவ்வொன்றாக ஓடும் ஃபார் லூப் இருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் மற்றது. வினாடிக்கு 24 லட்சம் முறை சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் காம்ப்ளெக்ஸ் கணக்குப் போடுவது சாதாரண பைத்தானுக்கு ஆகாத காரியம். எஃப்எம் பிரிப்பை ஒரே வரியில் செய்யலாம்: கட்டு முழுவதையும், ஒரு சாம்பிள் பின்தள்ளிய அதன் காஞ்சுகேட்டால் பெருக்கி, ஆங்கிள் எடுத்தால் முடிந்தது. முந்தைய கட்டின் கடைசிச் சாம்பிளை முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாம்பிள் வேகத்தை இறக்குவதை முதலில் செய்யுங்கள், ஆங்கிள் எடுப்பதைப் பிறகு. 2.4 மெகாவிலேயே ஆங்கிள் எடுத்துவிட்டு அப்புறம் பத்தில் ஒன்பதைத் தூக்கிப் போடுவது வீண் உழைப்பு மட்டுமல்ல, முடிவும் தவறாக வரும்.

பைட்டை ஃப்ளோட் 32 ஆக மாற்றி, 127.5-ஐக் கழித்து, 127.5-ஆல் வகுத்து, காம்ப்ளெக்ஸ் 64 ஆகப் பாருங்கள். வடிகட்டியின் எண்களும் ஃப்ளோட் 32 ஆக இருக்கட்டும். அவை ஃப்ளோட் 64 ஆக இருந்தால் விடை மீண்டும் காம்ப்ளெக்ஸ் 128 ஆகிவிடும். நம்பை 2.0-க்கு முந்தைய பதிப்புகளில் எஃப்எஃப்டியும் இப்படியே பெரிதாக்கும். சைபையின் எஃப்எஃப்டி சிறிய அளவிலேயே வைத்திருக்கும். கட்டுகளை அப்பெண்டால் ஒரே நீண்ட அரேயாக வளர்ப்பதும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் பழையது முழுவதும் நகலெடுக்கப்படும்.

எட்டாம் படி: வெளியே போகும் வழி

உள்ளே எல்லாம் வேகமாக இருந்தும் வழிகிறதா? முடிவை எங்கே கொட்டுகிறீர்கள் என்று பாருங்கள்.

திரை: மேட்பிளாட்லிப்பில் ஒவ்வொரு கட்டையும் வரைய வேண்டாம். வினாடிக்கு 10 முறை, கடைசியாக வந்த கட்டை மட்டும் வரைந்தால் கண்ணுக்குப் போதும்.

ஃபைல்: 2.4 மெகாவில் பைட்டாகவே எழுதினால் நிமிடத்துக்கு 288 மெகாபைட். காம்ப்ளெக்ஸ் 64 ஆக மாற்றி எழுதினால் 1.15 கிகாபைட், அதாவது வினாடிக்கு 19.2 மெகாபைட். கிளாஸ் 10 எஸ்டி கார்டு உறுதி தருவது 10 மெகாபைட்தான். பைட்டாகவே எழுதுங்கள், அதுவும் தனி த்ரெட்டில். கார்டு சில நேரம் மூச்சு வாங்க நிற்கும். அப்போது க்யூ தாங்கிக்கொள்ளும். பெரிய பஃபர் உண்மையாகவே உதவும் இடம் இது.

ஒலி: இதுதான் மிக நுட்பமானது. டாங்கிளில் ஒரு கடிகாரம், ஒலி அட்டையில் இன்னொரு கடிகாரம். இரண்டும் ஒருபோதும் ஒத்துப்போகாது. டாங்கிள் 50 பிபிஎம் வேகமாக இருந்தால் 48,000-இல் வினாடிக்கு 2.4 சாம்பிள் மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 8,640, அதாவது 0.18 வினாடி. 3.5 வினாடி தாங்கும் க்யூ 19 மணி நேரம் அமைதியாக ஓடி, அப்புறம் வழியத் தொடங்கும். எத்தனை வேகமான கணினி வாங்கினாலும் இது தீராது. க்யூவின் ஆழம் ஓர் அளவைத் தாண்டினால் மிகச் சிறிய விகிதத்தில் மறுமாதிரி எடுத்து வேகத்தைச் சரிக்கட்டுங்கள், அல்லது நீங்களே ஒரு கட்டை வேண்டுமென்று விட்டுவிடுங்கள்.

குனு ரேடியோ, சோப்பி, யூஎச்டி பயன்படுத்துபவர்களுக்கு

பிளாக்குகளை இணைத்து ரேடியோ அமைக்க உதவும் குனு ரேடியோ கம்பேனியன் உருவாக்கும் பைத்தான் நிரலிலும் இதே விதிகள்தான். இரண்டு தவறு மட்டும் அடிக்கடி வரும். நிஜ டாங்கிள் இருக்கும்போது, வேகத்தைச் செயற்கையாகக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பிளாக்கையும் போடுவது ஒன்று. வன்பொருளே வேகத்தைத் தீர்மானிக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். மற்றது ஒலி வேகம் பொருந்தாதது: நீங்கள் 50,000 அனுப்ப, ஒலி அட்டை 48,000 மட்டும் வாங்கினால், வினாடிக்கு 2,000 சாம்பிள் தேங்கி, பின்னோக்கி எல்லா பிளாக்கையும் நிறுத்தி, கடைசியில் டாங்கிளில் ‘ஓ’ ஆக வெளிவரும். குறைவாக அனுப்பினால் ‘ஏயூ’ என்று வரும். அது ஒலிக்குச் சாம்பிள் பற்றவில்லை என்ற அறிவிப்பு.

பல வகைக் கருவிகளுக்கும் பொதுவான நூலகமான சோப்பி எஸ்டிஆரில் ரீட்-ஸ்ட்ரீம் மைனஸ் 4 தந்தால் வழிதல். நிரலை நிறுத்த வேண்டாம். எண்ணிவிட்டு மறுபடி வாசியுங்கள். பஃபர் எண்ணிக்கையை அங்கே மாற்றலாம். ஆனால் லினக்ஸில் யூஎஸ்பிக்கான நினைவக எல்லை இயல்பாக 16 மெகாபைட். பஃபர்கள் சேர்ந்து அதைத் தாண்டினால் டாங்கிள் தொடங்கவே தொடங்காது.

யூஎஸ்ஆர்பி வகை ரேடியோக் கருவிகளில், அவற்றை இயக்கும் யூஎச்டி நூலகம் ‘ஓ’ என்று வழிதலையும், நெட்வொர்க்கில் பாக்கெட் தொலைந்தால் ‘டி’ என்றும் காட்டும். சாம்பிளோடு நேரமுத்திரையும் வருவதால், முந்தையதற்கும் இப்போதையதற்கும் உள்ள இடைவெளியை வேகத்தால் பெருக்கி, இடையில் கைக்கு வந்த சாம்பிளைக் கழித்தால் எத்தனை தொலைந்தது என்று துல்லியமாகத் தெரியும்.

எவ்வளவு இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம்?

எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் தேவையில்லை. 1090 மெகாஹெர்ட்ஸில் நம் ஊருக்கு மேலே போகும் விமானங்களின் சிக்னலை வாங்குகிறீர்கள் என்றால், ஒரு செய்தி 120 மைக்ரோவினாடிதான். விமானம் தன் இடத்தை வினாடிக்கு ஏறக்குறைய இருமுறை சொல்லிக்கொண்டே இருக்கும். எப்போதாவது 55 மில்லிவினாடி தொலைந்தால் சில செய்திகள் போகும், வரைபடத்தில் ஒன்றும் தெரியாது. அதற்காக இரவெல்லாம் கண் விழிக்க வேண்டாம்.

மீட்டியோர் எம்2 வரிசை வானிலைச் செயற்கைக்கோளின் படத்தை 137 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வாங்குவது வேறு கதை. அங்கே வினாடிக்கு 72,000 குறியீடு தொடர்ச்சியாக வருகிறது. ஓர் இடைவெளி விழுந்தால் ஒத்திசைவு அறுந்து, மறுபடி பிடிக்கும்வரை படத்தில் கருப்புப் பட்டை விழும். அதற்கு 250 கிலோவில் வாங்கி, எதையும் செயலாக்காமல் பைட்டாக ஃபைலில் மட்டும் எழுதுங்கள். 15 நிமிடக் கடப்புக்கு 450 மெகாபைட், எந்தக் கார்டும் தாங்கும். செயற்கைக்கோள் போன பிறகு ஃபைலைத் திறந்து எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் பிரிக்கலாம். அப்போது வழிவதற்கு ஒன்றும் இருக்காது.